சத்தம் கட்டிய டர்போ

லாரியக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் பதினெட்டு வருஷம் ஒரே லாரியின் ஸ்டியரிங்கோடு போயிருக்கிறது. அவள் அப்பா ஓட்டிய தண்ணீர் லாரி அது. அப்பாவுக்கு முட்டி மடங்காமல் போன வருஷம் சாவி அவள் கைக்கு வந்தது. "பொம்பளை ஓட்டுவாளா?" என்று கேட்டவர்களெல்லாம் பிறகு அவள் பின்னால் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். வேகத்தில் அவளைப் பிடிக்க முடியாமல் அல்ல, வழி விடும் பழக்கமே அவளுக்குக் கிடையாது என்பதால்.

மலை மேல் நர்சிங் மாணவிகளின் விடுதி ஒன்று இருக்கிறது. முந்நூறு பேர். அங்கே குழாய்த் தண்ணீர் ஏறுவதில்லை. கீழே கிணற்றடியில் டாங்கியை நிரப்பி, பதினொரு வளைவு ஏறி, கடைசி வளைவு தாண்டியதும் வரும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறி, விடுதித் தொட்டியில் கொட்டிவிட்டு வர வேண்டும். இதுதான் அவள் பிழைப்பு. ஏறும்போது இரண்டாவது கியருக்கு மேல் போட முடியாது. பக்கத்தில் நடந்து போகிறவன் "என்னக்கா, சௌக்கியமா?" என்று ஆரம்பித்துத் தன் குடும்பக் கதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு முன்னால் போய்விடுவான்.

யாரையும் எதற்கும் அதட்டிப் பேசத் தயங்காதவள். மேனேஜராக இருந்தாலும் சரி, போலீஸ்காரராக இருந்தாலும் சரி. ஆனால் தனக்கென்று ஒன்று கேட்க வேண்டுமென்றால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கரண்ட் போக வேண்டும். முகம் தெரியாத இருட்டில்தான் அவளுக்கு அந்த மாதிரிப் பேச்சு வரும். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதுகூட கரண்ட் போன ஒரு சாயங்காலத்தில்தான்.

அவள் புருஷனைத் தெருவில் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சைலன்சர் பற்றவைப்பது அவர் தொழில். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் குழாய் வளைக்கும் மெஷின், வெல்டிங் பெட்டி, சுவரெல்லாம் கரி. ஒரு வண்டி தெருமுனை திரும்பும்போதே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், "ரெண்டாவது மடக்குல விரிசல்" என்பார். தூக்கிப் பார்த்தால் இரண்டாவது மடக்கில்தான் விரிசல் இருக்கும். அப்படி வந்த பெயர். மற்றபடி ஆள் இருக்கிற இடம் தெரியாது.

கொஞ்ச காலமாக அவர் வேலை செய்யும் விதம் மாறியிருந்தது. தூரத்திலிருந்தே சொல்வதில்லை. வண்டி வந்து நின்ற பிறகு குழாய் நெடுக உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். 'பெரிய கை, இனிமேல் அவசரப்படமாட்டார்' என்று வாடிக்கைக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். வெளியூரில் படிக்கும் ஒரே மகள் போன் பண்ணினால், "சாப்பிட்டியா? சரி, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று போனை நீட்டிவிடுவார். எதைச் சொன்னாலும் 'ம்'. "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன ஆம்பளைக்குப் பொண்டாட்டி பேச்சு காதுல ஏறலைன்னா அது என்ன அதிசயமா?" என்று லாரியக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பங்குக்கு நாலு சொன்னாள்.

வினை விடுதிக்குப் புதிதாக வந்த மேனேஜர் ரூபத்தில் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் ஜாதி. "மத்தியானத்துக்குள்ள நாலு நடை வேணும். உங்க லாரி மூணுதான் அடிக்குது. அடுத்த மாசம் முதல் தேதி ஒரு நாள் அடிச்சுக் காட்டுங்க. முடியலைன்னா புது லாரிக்காரர் ஒருத்தர் ரெடியா இருக்கார்" என்றார். லாரியக்கா அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள். இறங்கி வந்து புருஷனிடமும் சொன்னாள். அவர் அவள் முகத்தையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலு நடையா?" என்றார்.

இரண்டு நாளில் காயலான் கடைக்காரர் ஒரு சாக்கு மூட்டையைக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே துருவேறிய நத்தை மாதிரி ஒரு சாமான். டர்போ. என்ஜின் கக்கும் புகை அதன் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், வண்டி மலை ஏறும். என்ஜின் பக்கத்தில் வைக்கத்தான் வழியில்லை. ஒரு பக்கம் ஸ்டியரிங் பெட்டி, இன்னொரு பக்கம் லாரியின் இரும்புச் சட்டம், நடுவில் கை நுழையாது. "பின்னாடி வெச்சிடலாம். சைலன்சர் தொங்குற இடத்துல" என்றார் சத்தம். புகை பின்னால் போகட்டும், காற்று ஒரு நீளக் குழாயில் முன்னால் வரட்டும். காயலான் கடைக்காரர் மூக்கின் மேல் விரலை வைத்தார்.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனது. வீட்டில் மெழுகுவத்தி இருந்தது, லாரியக்கா ஏற்றவில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மனதில் இருந்ததையெல்லாம் இறக்கிவைத்தாள். போன வருஷம் ஒன்பதாவது வளைவில் இறங்கும்போது ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் போய், அப்புறம்தான் பிடித்தது. அன்றிலிருந்து மலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "நாலு நடையும் வேணாம், டர்போவும் வேணாங்க. லாரியை வித்துடலாம். மில்லுல வேன் ஓட்ட ஆள் கேக்கறாங்க. சமதரை. நான் அங்க போயிடறேன். என்னால இனிமே முடியாது" என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் கை தடவிக்கொண்டு வந்து அவள் கன்னத்தைத் தொட்டது. ஈரம் பட்டதும் அப்படியே நின்றது. "ம்... நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பதினெட்டு வருஷப் பாரம் இறங்கியது போல அவள் தூங்கினாள்.

காலையில் கண் விழித்தது அறுக்கும் சத்தத்துக்கு. ஓடிப்போய்ப் பார்த்தால் லாரியின் சைலன்சர் இரண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. சத்தம் லாரிக்கு அடியிலிருந்து முகத்தை நீட்டி, கரி அப்பிய பல்வரிசையோடு அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அவளுக்குப் பகீரென்றது. ராத்திரி அழுதது பொய்யா? 'நான் பார்த்துக்கறேன்' என்றது எதை? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பகல் வெளிச்சத்தில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க அவளால் முடியவில்லை. கேட்டுவிட்டுத்தானே செய்கிறார், அவருக்கு நம் பயம் ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது என்று மனதுக்குள் கருவிக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுபிடித்த மாதிரியே தெரியவில்லை.

ஆனால் வேலை என்றால் அது வேலை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாடிக்கை வண்டிகளை முடித்துவிட்டு, சாப்பாட்டை மறந்து, மூன்று வாரம் அந்த மனுஷன் லாரிக்கு அடியிலேயே குடியிருந்தார். தடித் தகட்டில் துளை போட்டு டர்போவுக்கு இருக்கை செய்தார். அவ்வளவு தூரம் போவதற்குள் புகை ஆறிவிட்டால் சக்கரம் சுற்றாது என்று, குழாய் முழுக்கச் சூடு தாங்கும் துணியைச் சுற்றினார். பின் சக்கரத்துக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டு அகல வாயோடு ஒரு காற்றுப் பெட்டி. அங்கிருந்து காற்றை இழுத்து, டர்போவில் அழுத்தி, முன்னாலிருக்கும் என்ஜின்வரை ஒரே குழாய். தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "மூக்கைப் பிடுங்கி முதுகுல வெச்சிருக்காரு" என்று சிரித்தார்கள்.

எண்ணெய்தான் தலைவலி. டர்போவின் தண்டு எண்ணெயில் மிதந்தால்தான் சுற்றும். என்ஜினிலிருந்து ஒரு குழாய் வழியாக எண்ணெய் வரும். என்ஜினுக்குப் பக்கத்தில் டர்போ இருந்தால் அது தானாக வழிந்து திரும்பிவிடும். பின்கோடியில், தாழ்வாக இருக்கும் டர்போவிலிருந்து அது தானாகத் திரும்பாது. அதற்கென்று ஒரு சின்ன மோட்டார் பம்ப் வைத்தார். டர்போவுக்கு வந்த எண்ணெயை உறிஞ்சி முன்னால் அனுப்புவது அதன் வேலை. "இது நின்னுச்சுன்னா?" என்று லாரியக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டாள். "நின்னா எண்ணெய் தேங்கும். சீல் தாண்டிக் காத்துக் குழாய்க்குள்ள வழியும். நிக்காது" என்றார். "ஒரு லைட்டு வெச்சிடுங்களேன், கேபின்ல தெரியற மாதிரி." "எதுக்கு லைட்டு? நான் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டே வர்றேன். நின்னா தெரியாதா எனக்கு?" சத்தம் என்று பெயரெடுத்தவர் அப்படிச் சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

முதல் தேதி வந்தது. மூன்று நடைக்கு ஆகிற நேரத்தில் நாலு அடிக்க வேண்டும். விடிந்ததும் டாங்கியை நிரப்பிக்கொண்டார்கள். தண்ணீர் பிடித்துவிட நிற்கும் பின்பலகையில் சத்தம் ஏறிக்கொண்டார், கையில் ஒரு ஸ்பேனர். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஒரு ஹாரன் அடிப்பாள். பம்ப் ஓடினால் அவர் டாங்கியில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். நின்றுவிட்டால் மூன்று.

முதல் வளைவு. ஹாரன். டங், டங்.

இரண்டாவது வளைவைத் தாண்டி லாரி நிமிர்ந்தது. லாரியக்கா வழக்கம்போல் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு, வழக்கம்போல் ஒன்றும் நடக்காது என்று காத்திருந்தாள். பின்னாலிருந்து மெல்ல ஒரு விசில் எழுந்தது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் லாரி முன்னால் போனது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிரம்பிய டாங்கியோடு, அந்த ஏற்றத்தில், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மூன்றாவது கியர் போட்டாள். போட்ட கையைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டாள். வழக்கமாகக் குடும்பக் கதை சொல்லும் ஆள் ஓரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிக்கொண்டு போனபோது அவன் திறந்த வாயை மூடவில்லை.

மூன்றாவது வளைவு. டங், டங். நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு ஹாரனுக்கும் இரண்டு தட்டு, கோயில் மணி மாதிரி தவறாமல். எட்டாவது வளைவு வருவதற்குள் அவள் கோபம் பாதி கரைந்துபோனது. மனுஷன் சொல் பேச்சு கேட்காதவர்தான், ஆனால் கைகாரர். இப்படி ஏறினால் பயமும் போய்விடும் போலிருக்கிறதே என்றுகூட நினைத்தாள். பதினோராவது வளைவு. ஹாரன். டங், டங்.

பள்ளம் வந்தது. லாரியின் மூக்கு கீழே சாய்ந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

என்ஜின் அடங்கவில்லை. அடங்காதது மட்டுமல்ல, ஏறியது. யாரும் மிதிக்காமல், யாரும் கேட்காமல், தானாக ஊளையிட ஆரம்பித்தது. அவள் கிளச்சை மிதித்துப் பிரேக்கை அழுத்தினாள். சாவியைத் திருப்பினாள். என்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்தாள். அது கையோடு வந்துவிடும்போல நீண்டு வந்ததே தவிர என்ஜின் நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள், சாவி இல்லாத லாரி கதறுகிறது. பின்பக்கமிருந்து வெள்ளைப் புகை மலைபோல் எழுந்து கண்ணாடியை மறைத்தது. கியரில் போட்டுக் கிளச்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்தலாம். ஆனால் சரிவில், இத்தனை தண்ணீரோடு, பிரேக் தாங்காவிட்டால்? ஒன்பதாவது வளைவு ஞாபகத்துக்கு வந்து, கிளச்சிலிருந்து காலை எடுக்கவில்லை.

நல்லவேளை, பிரேக் தாங்கி வண்டி நின்றது. கைப்பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்குத் தள்ளி, குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல்லை உதைத்தாள். என்ஜின் இன்னும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் வெடித்துச் சிதறும். அது குடிக்கிற எண்ணெய் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. டீசலை நிறுத்தியாகிவிட்டது, மிச்சமிருப்பது காற்று ஒன்றுதான். காற்றை நிறுத்தினால் நிற்கும்.

"வாயை அடைங்க! காத்துப் பெட்டி வாயை அடைங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

சத்தம் பலகையிலிருந்து இறங்கி, சாலையில், காற்றுப் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் பேயறைந்தவர் போல் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. "உங்களைத்தாங்க!" என்று அலறினாள். அசையவில்லை. அவள் திரும்பி ஓடி, கேபினில் காலடியில் கிடந்த தடித்த ரப்பர் விரிப்பை உருவிக்கொண்டு வந்து, மண்டி போட்டு, பெட்டியின் வாயில் வைத்து இரண்டு முட்டியாலும் அழுத்தினாள். உள்ளிருந்து ஏதோ அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. என்ஜின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. லாரி முழுக்க ஒரு உதறு உதறி, நின்றது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதுக்குள் கொஞ்ச நேரம் ஊளை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. சூடான குழாய் டிக் டிக்கென்று சுருங்கும் சத்தம். டாங்கிக்குள் தண்ணீர் அலையடிக்கும் சத்தம். எங்கோ ஒரு குருவி.

புருஷனுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. லாரிக்கு அடியில் நுழைந்து, காற்றுக் குழாயின் முன்முனைப் பட்டையைக் கழற்றினார். ஒரு சொம்பு எண்ணெய் கொட்டியது. அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருஷமாகச் சைலன்சர் கட்டிய கை. குழாய் என்றாலே பின்பக்கம் தாழ்வாகத்தான் வைக்கும், உள்ளே சேரும் தண்ணீர் பின்னால் ஓடிவிட வேண்டும் என்று. இந்தக் குழாயையும் அப்படியே வைத்திருந்தது. சைலன்சரில் தாழ்வான இடத்தில் ஒரு பொட்டுத் துளை போட்டு வடியவிடுவார். இதில் துளை போட்டால் அழுத்தம் போய்விடும் என்று போடவில்லை. டர்போவிலிருந்து கசிந்த எண்ணெய் ஏறும் வழியெல்லாம் அந்தத் தாழ்வில் சேர்ந்து சேர்ந்து, லாரி மூக்கைச் சாய்த்ததும் மொத்தமாக என்ஜினுக்குள் ஓடியிருக்கிறது. எண்ணெய் கிடைத்தால் போதும், டீசலா வேறொன்றா என்று அந்த என்ஜின் பார்க்குமா?

இதெல்லாம் சரி. எண்ணெய் ஏன் கசிந்தது? பம்ப்தான் ஓடிக்கொண்டிருந்ததே.

லாரியக்கா குனிந்து பம்பைத் தொட்டாள். விரலைச் சுட்டுக்கொள்ளத் தயாராகவே தொட்டாள். பச்சைத் தண்ணீர் போல் ஜில்லென்று இருந்தது. அதற்குப் போகும் ஒயர் சூட்டுக் குழாயில் பட்டு உருகிக் கரித்துண்டாகத் தொங்கியது. இப்போது உருகியதல்ல. கரியெல்லாம் ஆறி உதிர்ந்துகொண்டிருந்தது. பம்ப் மூன்றாவது, நான்காவது வளைவிலேயே செத்துப்போயிருக்க வேண்டும்.

"அப்ப எதுக்குத் தட்டினீங்க?" என்றாள்.

அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. பம்பு அப்பவே நின்னுபோச்சு. எட்டாவது வளைவுல ரெண்டு தட்டு தட்டினீங்க. எதுக்கு?"

துணியைப் பிழிந்தார்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து போய் ஒரு உலுக்கு உலுக்கலாம் என்று எழுந்தவள், பாதியில் நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. சாதாரணக் குரலில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போல், அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு."

அவர் அடுத்த துணியை எடுத்தார்.

சாவி இல்லாமல் என்ஜின் கதறியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. மெல்ல நடந்து அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும், அவர் கண் தன் கண்ணுக்கு வராமல் நேராகத் தன் உதட்டுக்குப் போவதைப் பார்த்தாள். எத்தனை நாளாக அந்தக் கண் அங்கேயே வந்து நிற்கிறது? ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை.

"காது கேக்கலையா உங்களுக்கு?"

அவர் முகம் விழுந்துவிட்டது. திருடிய பண்டத்தோடு பிடிபட்டவர் போல் ஆனார். "கேக்குது. ஹாரன் கேக்கும். வேற இரைச்சல் இல்லாம நீ கத்தினா கேக்கும். சின்னச் சத்தம்தான்..."

"பம்பு?"

"ஓடுதுன்னு நெனச்சேன்" என்றார். "கேக்காதுன்னு எனக்குத் தெரியும். கால்ல அதிர்வு தெரிஞ்சுது. பம்புதான்னு நெனச்சுக்கிட்டேன். ஓடணும்னு நெனச்சுக்கிட்டேன்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல இடது பக்கம். அப்புறம் ரெண்டும்." சம்மட்டியும் அறுக்கும் சக்கரமும் முப்பது வருஷமாகத் தின்ற காது. அவர் அதைச் சொல்லவில்லை, அவளே நினைத்துக்கொண்டாள்.

"என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"சைலன்சர்காரனுக்குக் காது போச்சுன்னா எவன் வண்டியைக் கொண்டு வந்து விடுவான்? உன்கிட்ட சொன்னா நீ எல்லாரையும் அதட்டிக்கிட்டே திரிவே, 'சத்தமா பேசுங்க, சத்தமா பேசுங்க'ன்னு. தெரு முழுக்கத் தெரிஞ்சுபோயிடும்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "வெளிச்சத்துல நீ பேசறது நூத்துக்குத் தொண்ணூறு புரிஞ்சுடும். மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவேன். பாப்பா போன்ல பேசறதுதான் ஒண்ணும் புரியாது."

லாரியக்கா அதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வெளிச்சத்தில் புரிந்துவிடும். வெளிச்சத்தில்.

"கரண்ட் போன அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் சொன்னது?"

அவர் தலை குனிந்துகொண்டார். உடனே, குனிந்தால் அவள் வாய் தெரியாது என்பது உறைத்தது போல் நிமிர்ந்தார். "ஒண்ணும் கேக்கலைம்மா. என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தே. கன்னத்தைத் தொட்டேன், நனைஞ்சிருந்துச்சு. லாரி கையை விட்டுப் போயிடுமோன்னு அழுவறேன்னு நெனச்சேன். பதினெட்டு வருஷமாச்சே, உங்க அப்பா வண்டியாச்சே. எப்பாடு பட்டாவது உனக்கு அதைக் காப்பாத்திக் குடுத்துடணும்னு..." கையால் லாரியைக் காட்டினார். எண்ணெய் வடிந்துகொண்டிருந்த குழாயை, துணி சுற்றிய குழாயை, மூன்று வாரத்தை. "அதுக்குத்தான் இவ்வளவும்."

அவள் அழவில்லை. அழக்கூடத் தோன்றாத திகைப்பு அது. வேண்டாம் என்று ஒருத்தி கெஞ்சியிருக்கிறாள். வேண்டும் என்று கெஞ்சுகிறாள் என நினைத்து ஒருத்தர் சோறு தண்ணியில்லாமல் உழைத்திருக்கிறார். அவர் தன் பயத்தை மதிக்கவில்லை என்று அவள் கருவிக்கொண்டிருந்த மூன்று வாரமும், அந்த மனுஷன் அவள் கண்ணீரைத் துடைக்க லாரிக்கு அடியில் கிடந்திருக்கிறார். அது மட்டுமா? இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை முறை கரண்ட் போனது? அம்மா செத்த மாதம் ஒரு தடவை. மகளை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு வந்த அன்று ஒரு தடவை. அவள் மனசாரப் பேசியதெல்லாம் அந்த இருட்டில்தான். அத்தனைக்கும் 'ம்' வந்தது. அந்த 'ம்'மை நம்பித்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கேபினில் போன் அடித்தது. மேனேஜராகத்தான் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் அசையவில்லை. போன் அடிப்பது அவருக்குத் தெரியாது என்பதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அடித்து அடித்து அது ஓய்ந்தது.

முந்நூறு பெண் பிள்ளைகளுக்கான தண்ணீர் டாங்கியில் இருந்தது. இன்னொரு லாரியைக் கூப்பிட்டு இதை மேலே இழுத்துப் போக வேண்டும். அந்தப் புது லாரிக்காரரையே கூப்பிடலாம், அவருக்கும் வழி தெரிந்துகொண்ட மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. பட்டப்பகல். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கை தானாகச் சேலைத் தலைப்பைத் தேடியது, முகத்தை மறைத்துக்கொள்ள. அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். அவ்வளவு வெளிச்சத்தில் அந்த வார்த்தை வெளியே வர மறுத்து, பாதி உதட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர் புருவத்தைச் சுருக்கி அவள் உதட்டைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் தலை ஆடத் தொடங்கி, 'ம்' சொல்ல வாய் குவிந்தது. அப்படியே நிறுத்தினார். இரண்டு வருஷமாக அந்த மனுஷன் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்:

"புரியலைம்மா. திரும்பச் சொல்லு."

அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.